வலப்பக்க ஸ்டியரிங் காரும் பிரெஞ்சு பெயாஜும்: பாட்ஜ் வாங்கலாமா?

வாசகர் கேள்வி: ஐயா, நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். வரும் ஆகஸ்டில் லூர்து மாதா கோயிலுக்குக் காரிலேயே போய்வர இருக்கிறோம். டோவரில் கப்பலேறிக் கலே, பாரிஸில் மச்சான் வீட்டில் இரண்டு இரவு, பிறகு துலூஸ் வழியாக லூர்து. திரும்பும்போது பாரிஸிலிருந்து லிசியூவுக்கும் ஒரு நாள் போவோம். கார் வலப்பக்க ஸ்டியரிங். முன்னால் நான் மட்டும்தான். மனைவி கைக்குழந்தையோடு பின்சீட்டில் இருப்பார். கூரைமேல் சாமான் பெட்டி வேறு. மச்சானிடம் பெயாஜ் (சாலைச் சுங்கம்) கட்டும் பாட்ஜ், அதாவது கண்ணாடியில் ஒட்டும் சிறு மின்னணுக் கருவி இருக்கிறது, அதைக் கொண்டுபோ என்கிறார். அது போதுமா, சொந்தமாக வாங்க வேண்டுமா? சில சாலைகளில் இப்போது சாவடியே கிடையாதாம், ஆனால் பிறகு அபராதம் வருமாம் என்று வேலையிடத்தில் பயமுறுத்துகிறார்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடுங்கள். மச்சானின் பாட்ஜில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அது பாரிஸில் இருக்கிறது. உங்களுக்கோ கலேயில் இறங்கி அரை மணி நேரத்திலேயே அது தேவைப்படும். ஏ26 சாலையில் சேந்தோமேர் பக்கம் செத்க் என்ற இடத்தில் முதல் சாவடி. அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும், பணம் கட்ட வேண்டியதில்லை. அராஸ் அருகே ஏ1க்கு மாறி, சான்லிஸ் பக்கத்தில் ஷாமோன் சாவடிக்கு வரும்போதுதான் அந்த டிக்கெட்டைக் கொடுத்துப் பணம் கட்டுவீர்கள். இந்த இரண்டு இடத்திலும் இயந்திரம் காரின் இடப்பக்கம் இருக்கும். உங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம். இடது சீட்டில் ஆளும் இல்லை.

பாட்ஜ் இல்லாமல் என்ன செய்வீர்கள் என்று பாருங்கள். காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, இடது சீட்டின் மேலே படுத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். பெரும்பாலும் எட்டாது. அப்போது இறங்கிக் காரைச் சுற்றிப் போக வேண்டும். ஆகஸ்ட் சனிக்கிழமை, பின்னால் முப்பது கார், கைக்குழந்தையின் அழுகை. இதை ஒவ்வொரு சாவடியிலும் செய்வீர்களா? இடப்பக்க ஸ்டியரிங் காரில் பாட்ஜ் ஒரு சொகுசு. உங்கள் காரில், அதுவும் தனியாக ஓட்டுபவருக்கு, அது அவசியம்.

எதை, எப்போது வாங்குவது

கார்களுக்கான பாட்ஜின் பொதுப் பெயர் லிபேர்-டி. சாலையை நடத்தும் கம்பெனிகள் பல. ஆனால் எந்த நிறுவனம் கொடுத்த பாட்ஜும் எல்லாக் கம்பெனிகளின் சாவடியிலும் வேலை செய்யும். உலிஸ், பிப்-அண்ட்-கோ, ஃபுலி போன்றவை விற்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது சுங்கக் கட்டணம் அல்ல, சந்தாதான். வருடச் சந்தா, மாதச் சந்தா, ஓட்டிய மாதத்துக்கு மட்டும் கட்டணம் என்று வகைகள் உண்டு. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போகிறவர் மூன்றாவது வகையைத் தேடுங்கள். பாட்ஜைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், தபால் செலவு எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படும். ஆகவே பிரிட்டன் முகவரிக்கு அனுப்புவார்களா, பிரிட்டன் வங்கிக் கணக்கை ஏற்பார்களா என்ற இரண்டையும் உறுதி செய்த பிறகு பதிவு செய்யுங்கள்.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வரவழையுங்கள். பாட்ஜ் கையில் வந்தாலும் கணக்கு திறக்கப்பட்டுவிட்டதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். வங்கி விவரத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் பாட்ஜ் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். காரின் பதிவு எண்ணையும் அப்போதே கணக்கில் ஏற்றிவிடுங்கள். இது ஏன் முக்கியம் என்பது கீழே லிசியூ பகுதியில் வருகிறது.

கண்ணாடியில் ஒட்டுவது

'பாட்ஜ் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பெரும் பங்கு ஒட்டிய இடத்தால் வருவது. பாட்ஜ் உள்ளே சிறு பேட்டரியோடு இயங்குகிறது; சாவடிக் கூரையில் உள்ள ஆன்டெனாவுடன் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. இந்த அலை சாதாரணக் கண்ணாடியைத் தாண்டும், உலோகப் பூச்சைத் தாண்டாது. வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியில், அல்லது பிரிட்டனில் ஃபோர்ட் கார்களில் நிறையப் பார்க்கும் மெல்லிய கம்பிகள் ஓடும் சூடேற்றும் கண்ணாடியில், பாட்ஜ் மங்கிப்போகலாம். அதற்காகத்தான் உற்பத்தியாளர்கள் பின்பார்வைக் கண்ணாடியின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். கறுப்புப் புள்ளிகள் அச்சடித்த சிறு பகுதியாக அது தெரியும். எந்த இடம் என்று காரின் கையேட்டில் படம் போட்டிருக்கும்.

ஒட்டும் முறை: கண்ணாடியின் உட்புறத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் ஆகஸ்ட் வெயிலில் பசைநாடா கழன்று பாட்ஜ் மடியில் விழும். பாட்ஜை அல்ல, அதன் தாங்கியைத்தான் ஒட்ட வேண்டும். பாட்ஜை அதில் செருகலாம், எடுக்கலாம். தாங்கி பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், மேல் விளிம்புக்கு அருகில், மழை உணரியையும் கேமராவையும் மறைக்காமல் இருக்க வேண்டும். பதினைந்து விநாடி நன்றாக அழுத்திப் பிடியுங்கள். புறப்படும் நாள் காலையில் ஒட்டாமல் முந்தின நாளே ஒட்டுங்கள்.

டேஷ்போர்டில் கிடத்தி வைப்பது, சட்டைப் பையில் வைத்துக்கொள்வது, சாவடியில் கையால் தூக்கிக் காட்டுவது எல்லாம் ஒருமுறை வேலை செய்யும், அடுத்த முறை ஏமாற்றும்.

சாவடியில்

ஒவ்வொரு வரிசைக்கும் மேலே குறி எரியும். ஆரஞ்சு நிறத்தில் ஆங்கிலச் சின்ன 'டி' எழுத்து மட்டும் இருந்தால் பாட்ஜ் உள்ளவர்களுக்கான தனி வரிசை. 'டி'யோடு வங்கி அட்டைப் படமும் இருந்தால் இரண்டும் ஏற்கும் கலப்பு வரிசை. பச்சை அம்புக்குறி என்றால் அட்டையோ காசோ எதுவும் செல்லும். 'டி'க்குப் பக்கத்தில் 30 என்று போட்டிருந்தால் நிற்காமல் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஊர்ந்து போகலாம்.

அந்த 30 வரிசையில் ஒரு எச்சரிக்கை. உங்கள் கூரைமேல் பெட்டி இருக்கிறது. இப்படிப்பட்ட வரிசைகள் பலவற்றில் 2 மீட்டர் என்ற உயரத் தடை உண்டு. பெட்டியோடு சேர்த்துக் காரின் உயரத்தை வீட்டிலேயே டேப் வைத்து அளந்து, ஒரு துண்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். 2 மீட்டரைத் தாண்டினால் தடை இல்லாத 'டி' வரிசைக்குப் போங்கள். அங்கே நின்று போக வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

முதல்முறை போகிறவர் 30 வரிசையை விட்டுக் கலப்பு வரிசையில் போவது நல்லது. அங்கே பாட்ஜ் பேசாவிட்டாலும் அட்டை என்ற மாற்று வழி இருக்கும். முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு கார் அளவுக்கு மேல் இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கொண்டு போனால் இயந்திரம் இரண்டு காரையும் குழப்பிக்கொள்ளும், முன்காருக்குத் திறந்த தடுப்புக்கம்பு உங்கள் பானட்டில் இறங்கும். பாட்ஜ் சின்னதாக ஒரு 'பிப்' போடும், விளக்கு பச்சையாகும், கம்பு எழும்பும். கம்பு முழுவதும் எழும்பிய பிறகே முன்னேறுங்கள்.

எழும்பவில்லையா? பின்னால் எடுக்கவே கூடாது. அது ஆபத்து, சட்டவிரோதமும்கூட. இயந்திரத்தில் உதவிக்கான பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். இதற்கு மட்டும் இடப்பக்க ஜன்னலுக்குக் கை எட்ட வேண்டும், ஆகவே பொத்தானை அழுத்த ஒரு கைப்பிடிக் குச்சியோ, குடையோ முன் சீட்டில் கிடக்கட்டும். சிரிக்க வேண்டாம், வலப்பக்க ஸ்டியரிங்காரர் பலர் இதைத்தான் செய்கிறார்கள். எதிர்முனையில் பேசுபவர் பாட்ஜின் எண்ணைக் கேட்கலாம். அது பாட்ஜிலேயே அச்சிட்டிருக்கும். முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தால் உள்ளிருந்து தெரியாது. முன்பே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிரெஞ்சு வராவிட்டால் 'பாட்ஜ் நே மார்ஷ் பா', அதாவது பாட்ஜ் வேலை செய்யவில்லை என்று சொன்னால் போதும்.

நுழைந்தது எப்படியோ, வெளியேறுவதும் அப்படியே

உங்கள் பாதையில் இரண்டு வகைச் சாவடிகள் வரும். ஒன்றில் தொகை நிரந்தரம், கடக்கும்போதே கட்டிவிடுவீர்கள். மற்றதில் நுழையும்போது டிக்கெட், வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்ற கட்டணம். இந்த இரண்டாவது வகையில்தான் தகராறு பிறக்கிறது.

பாட்ஜோடு நுழைந்தால் காகித டிக்கெட் கிடையாது. எந்த இடத்தில் நுழைந்தீர்கள் என்பது மின்னணுவில் பதிவாகும். வெளியேறும்போது அதே பாட்ஜைக் காட்டினால்தான் கணக்குச் சரியாக வரும். பாட்ஜோடு நுழைந்துவிட்டு வெளியேறும்போது அட்டை வரிசைக்குப் போனால் இயந்திரம் டிக்கெட் கேட்கும், உங்களிடம் இருக்காது. டிக்கெட் இல்லாதவரிடம் அந்தச் சாவடிக்கு வரக்கூடிய மிக நீண்ட தூரத்தின் கட்டணத்தைக் கேட்பது வழக்கம். தலைகீழாகவும் நடக்கும்: ஏதோ பதற்றத்தில் டிக்கெட்டை உருவி எடுத்துவிட்டு, வெளியேறும்போது 'டி' வரிசைக்குப் போனால் நுழைவு பதிவாகாத பாட்ஜைக் கண்டு கம்பு எழும்பாது. டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்தப் பகுதி முழுவதையும் டிக்கெட் பயணமாகவே முடியுங்கள்: அட்டை வரிசைக்குப் போய் டிக்கெட்டை நுழைத்து, அட்டையால் கட்டுங்கள். அப்போது பாட்ஜைத் தாங்கியிலிருந்து எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் குறுக்கே பேசாது.

இதனால்தான் மச்சானின் பாட்ஜைப் பற்றியும் தயங்குகிறேன். நன்மைக்காகக் கொடுத்தாலும், அவரும் நீங்களும் ஒரே காரில் எங்காவது போகும்போது இரண்டு பாட்ஜும் கண்ணாடியருகே இருந்தால் எந்தக் கணக்கில் பணம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காரில் ஒரு பாட்ஜ். மற்றது அலுமினியத் தாளில், சாமான் பெட்டியில்.

அட்டைக்கு இன்னொரு விஷயம். பிரான்ஸில் அட்டையைத் தட்டிக் கட்டுவதற்கான வரம்பு 50 யூரோ. தெற்கு நோக்கிய நீண்ட பகுதிகளில் கட்டணம் அதைத் தாண்டலாம். அப்போது அட்டையை உள்ளே செருக வேண்டும், அதற்குக் கை எட்ட வேண்டும். மாற்று வழியாக அட்டை வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ளுங்கள்.

லூர்துக்குப் போகும் வழியில் கட்டணம் இல்லாத நீண்ட பகுதியும் உண்டு. பாரிஸிலிருந்து ஏ10, ஓர்லியோன் அருகே ஏ71, வியர்சோனில் ஏ20 என்று போனால், வியர்சோனிலிருந்து பிரிவ் வரை ஏ20 இலவசம். பிரிவுக்குத் தெற்கே மீண்டும் கட்டணம் தொடங்கி மோந்தோபான் வரை வரும். இந்த இலவசப் பகுதியில் பாட்ஜ் சும்மா இருந்தால் கவலைப்படாதீர்கள், அது பழுதல்ல. துலூஸிலிருந்து ஏ64, தார்ப் மேற்கு வெளியேற்றத்தில் இறங்கி லூர்து.

கூரைப் பெட்டியும் கட்டண வகுப்பும்

கட்டணம் வண்டியின் உயரத்தைப் பார்க்கும். 2 மீட்டர் வரை, 3.5 டன்னுக்குள் என்றால் முதல் வகுப்பு. 2 முதல் 3 மீட்டர் என்றால் இரண்டாம் வகுப்பு, கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் கூரைமேல் வைத்த சாமான் பெட்டியும் சைக்கிளும் உயரத்தில் சேராது. காரின் சொந்த உயரம்தான் கணக்கு. சாவடி உணரிக்கு இது எப்போதும் தெரியாது. திரையில் 2 என்ற வகுப்பு எரிந்தால் கம்பைக் கடக்கும் முன்பே உதவிப் பொத்தானை அழுத்தி, 'கிளாஸ் அன்' (முதல் வகுப்பு), 'கோஃப்ர் த துவா' (கூரைப் பெட்டி) என்று சொல்லுங்கள். கேமராவில் பார்த்து மாற்றிவிடுவார்கள். கடந்துவிட்டால் பிறகு பாட்ஜ் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி வாங்க வேண்டும். அதற்குக் கூரைப் பெட்டியோடு நின்ற காரின் படம் ஒன்று போனில் இருந்தால் வேலை சுலபம்.

லிசியூவும் சாவடி இல்லாத சாலையும்

வேலையிடத்தில் சொன்னது பொய்யல்ல. பாரிஸிலிருந்து நார்மண்டிக்குப் போகும் ஏ13, ஏ14 சாலைகளில் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். இந்த மாற்றம் 2024 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன்பே, 2022 நவம்பரில் திறந்த ஏ79, மோன்மரோவிலிருந்து திகுவான் வரை, முழுவதும் இந்த முறையில்தான் ஓடுகிறது. பிரெஞ்சில் 'ஃப்ளூ லிப்ர்' என்பார்கள். சாலைக்கு மேலே இரும்பு வளைவு, அதில் கேமரா. கார் வேகம் குறையாமல் கடக்கும், நம்பர் பிளேட் படம் பிடிக்கப்படும். லண்டன்வாசியான உங்களுக்கு டார்ட்ஃபோர்ட் கடவைக் கட்டணம் தெரியும், அதே யோசனை. லிசியூவுக்கு ஏ13இல் போகும்போது இப்படிப் பல வளைவுகள் வரும்.

கணக்கில் காரின் எண் ஏற்றப்பட்ட பாட்ஜ் இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மச்சானின் பாட்ஜை எடுத்தாலும் அதே நியதி: உங்கள் கார் எண்ணை அவர் தன் கணக்கில் சேர்க்க வேண்டும், பயணம் முடிந்ததும் நீக்க வேண்டும். இல்லையென்றால் படம் பிடித்த பிளேட்டும் பாட்ஜும் பொருந்தாமல் சிக்கல் வரலாம்.

பாட்ஜ் இல்லாதவருக்குக் கடந்த பிறகு 72 மணி நேரம் அவகாசம். ஏ13, ஏ14 சாலைகளை நடத்தும் சனெஃப் நிறுவனத்தின் இணையதளத்தில் பிளேட் எண்ணைக் கொடுத்தால் அந்தச் சாலைகளில் கடந்த எல்லா வளைவுகளும் தெரியும், சேர்த்துக் கட்டலாம். பணமாகக் கட்ட விரும்பினால் நிரியோ என்ற பலகை வைத்த தபாக் (புகையிலை) கடைகளில் கட்டலாம். தவறியவர்களுக்கு 2024இல் விதிக்கப்பட்ட கூடுதல் தொகை 90 யூரோ. முதல் 15 நாளில் கட்டினால் 10 யூரோவாகக் குறையும். 60 நாள் தாண்டினால் 375 யூரோ வரை போகும். பிளேட்டில் ஓ எழுத்தா, பூச்சியமா என்று குழப்பித் தட்டுபவர்கள்தான் 'நான் கட்டினேனே' என்று புலம்புகிறவர்கள். தட்டிய எண்ணை இருமுறை பாருங்கள், ரசீதைச் சேமியுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: இந்தச் சாலைகளில் போனவருக்கும் போகாதவருக்கும் 'பெயாஜ் பாக்கி, உடனே கட்டுங்கள்' என்று போலி எஸ்எம்எஸ் சுற்றுகிறது. அதில் வரும் இணைப்பைத் தொடாமல் தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் பாருங்கள். இடையில் நின்று கட்டிக் கொடுக்கிறோம் என்று கூடுதல் தொகை பிடிக்கும் தளங்களும் உண்டு.

கடைசியாக வாகனத் தரிப்பிடம்

'டி' குறி போட்ட கட்டண வாகனத் தரிப்பிடங்களிலும் பாட்ஜ் வேலை செய்யும். உள்ளே நுழையும்போதே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். மச்சான் வீட்டுப் பக்கம் இரவு முழுவதும் அப்படி ஒன்றில் விட்டுவிட்டு, 'எங்கே கட்டினோம்' என்று தேடாதீர்கள். மாதக் கணக்கில் வந்து சேரும். கணக்கு வந்ததும் ஒவ்வொரு வரியிலும் வகுப்பு 1 என்று இருக்கிறதா, ஷாமோனில் பிடித்த தொகை செத்க்கிலிருந்துதானா என்று பாருங்கள். பிறகு அடுத்த பயணம் வரை பாட்ஜை அலுமினியத் தாளில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடலாம்.